படகு கட்டிய தந்தை

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியினராகிய நமக்குப் படகு என்றதும் நினைவுக்கு வருவது கொள்ளிடம் ஒன்றே. வெள்ளம் வரும் மாதங்களில் ஓடம். கோடையிலோ மணலில் நடந்தே அக்கரை சேரலாம். வீரமாமுனிவர் ஆலயம் எழுப்பிய ஏலாக்குறிச்சிக்கு, அடைக்கல மாதாவின் அருள் நாடித் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த முன்னோர் அந்த ஆற்றைக் கடந்தே வந்தனர். பெரம்பலூர்ப் பக்கமோ பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அந்த மண்ணிலும் அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் கடல்வாழ் உயிர்களின் கல்லுருவங்கள் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததாம். அது வேறு கதை.

நாம் இங்கு நினைவுகூர விரும்பும் குடும்பத் தலைவர் மெய்யான கடலோரத்தில், இராமேசுவரத் தீவில் வாழ்ந்தவர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். தொழுகை தவறாத இஸ்லாமியப் பெரியவர். ஜைனுலாப்தீன் என்பது அவர் பெயர். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராய் வீற்றிருந்த அப்துல் கலாமின் தந்தை என்றால் வாசகர் உடனே அறிந்துகொள்வர். மகன் எழுதிய ‘அக்கினிச் சிறகுகள்’ முதலிய நூல்களில் அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம் வீடுகளில் இவரைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழுகிறது.

அவர் அதிகம் படித்தவர் அல்லர், செல்வரும் அல்லர். பள்ளிவாசல் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட பழைய வீடு. விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, நான்கு மைல் தொலைவிலிருந்த தம் தென்னந்தோப்புக்கு நடந்து செல்வார். ஏறத்தாழ ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பின்னரே காலை உணவு. அறுபது வயதைத் தாண்டியும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. அவருடைய துணைவியார் ஆஷியம்மாள் நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறிட்டார் என்று மகனுக்கே கணக்குத் தெரியாது. வீட்டாரைவிட வெளியாரே அதிகமாக உண்டனர் என்பது மட்டும் அவருக்கு உறுதி.

கலாமுக்கு ஆறு வயதிருக்கும்போது, யாத்திரிகர்களை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்று திரும்ப அழைத்து வருவதற்காகப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டத் தந்தை முடிவு செய்தார். கடற்கரையிலேயே வேலை தொடங்கிற்று. உறவினரான அகமது ஜலாலுதீன் என்ற இளைஞர் உடனிருந்து உதவினார். விறகுத் தீயின் வெப்பத்தில் மரங்கள் பதப்படுவதையும், பலகைகள் கூடி நாளுக்கு நாள் படகு உருப்பெறுவதையும் சிறுவன் விழி விரியப் பார்த்திருந்தான். பின்னாளில் ஏவுகணை கட்டியவருக்கு முதல் தொழிற்கூடம் அந்த மணற்கரைதான் என்று நாம் சொன்னால் மிகையாகாது.

அந்த வீட்டாருக்குப் படகு வெறும் பிழைப்பாக மட்டும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் சீதா இராமர் திருக்கல்யாண விழாவில், இராம தீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்குத் திருவுருவங்களைக் கொண்டு செல்லத் தனி மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்து தந்தது இந்த முஸ்லிம் குடும்பமே. கோயிலின் தலைமைக் குருக்களான பட்சி லட்சுமண சாஸ்திரிகளும், தீவில் முதல் ஆலயம் எழுப்பிய நம் குருவானவர் போதல் அடிகளாரும் ஜைனுலாப்தீனின் நெருங்கிய நண்பர்கள். ஊரில் சச்சரவு எழுந்தால் மூவரும் கூடிப் பேசித் தீர்த்து வைப்பார்கள் என்று கலாம் நினைவுகூர்ந்துள்ளார். பிற சமயத்தாரை மதித்துப் பழகுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது 1965-ஆம் ஆண்டில். அந்தத் தீவில் அது அதற்கு முன்பே வாழ்க்கையாக இருந்தது.

படகுத் தொழில் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு நாள், மணிக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய சூறாவளி படகை வாரிக்கொண்டு போயிற்று. அதுவரை கடலின் அழகை மட்டுமே கண்டிருந்த சிறுவன் அன்றுதான் அதன் அடங்காத வலிமையைக் கண்டான்.

படகு போயிற்றே தவிர, படகு கட்டிய கரையில் வளர்ந்த உறவு போகவில்லை. ஜலாலுதீன் அந்த வீட்டின் மகள் ஜொஹராவை மணந்தார். தம்மைவிடப் பதினைந்து வயது இளையவனான கலாமை நண்பனாகவே நடத்தி, தீவுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதை எடுத்துரைத்தார். கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்றபின், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்குத் தேவையான ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தந்தையின் கையில் இல்லை. அப்போது தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தவர் அந்த ஜொஹராவே. நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த வீடுகள் நம் பங்குகளிலும் பல உண்டு. அக்காளின் கழுத்து வெறுமையாயிருக்கும் வீட்டில் தகப்பனின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கண்டிப்பும் மிக்கவர். விடுதலைக்குப் பின் இராமேசுவரம் பஞ்சாயத்து போர்டின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, சிறுவன் கலாமிடம் அன்பளிப்புப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுச் சென்றார். திரும்பி வந்த தந்தை அதைக் கண்டு கடுஞ்சினம் கொண்டு மகனை அடித்தார். அவரிடம் கலாம் வாங்கிய முதல் அடியும் கடைசி அடியும் அதுவே. பின்னர் அருகில் அழைத்து, தம் அனுமதியின்றி எவரிடமும் எதையும் பெறலாகாது என்று அன்போடு எடுத்துரைத்தார். பதவியில் இருப்பவர் வீட்டுப் பிள்ளைகளிடம் பொட்டலம் நீட்டும் வழக்கம் அந்தத் தீவோடு நின்றுவிடவில்லை என்பதை வாசகர் அறிவர்.

மேற்படிப்புக்காக மகன் தீவை விட்டுப் புறப்பட்டபோது தந்தை தடுக்கவில்லை. வளர வேண்டுமானால் போகத்தான் வேண்டும் என்று கூறி, கலங்கிய தாயையும் தேற்றினார். யாகப்பரும் அருளப்பரும் ஆண்டவரைப் பின்செல்ல, கூலியாட்களோடு படகிலேயே இருந்துவிட்ட செபதேயுவை நற்செய்தியில் நாம் வாசிக்கிறோம். அந்தத் தகப்பன் என்ன சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை. செந்துறையிலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் பிள்ளைகளைச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும், குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் அனுப்பிவிட்டு, வாசலில் நிற்கும் தகப்பன்மார் ஒருவேளை அதை அறிவார்கள்.

ஜைனுலாப்தீன் தீவை விட்டு நீங்காமல், 102 வயது வரை வாழ்ந்து 1976-இல் மறைந்தார். பதினைந்து பேரக்குழந்தைகளையும் ஒரு கொள்ளுப்பேரனையும் விட்டுச் சென்றார். ஆஷியம்மாளும் நெடுநாள் தாமதிக்கவில்லை. எஸ்.எல்.வி.-3 விண்ணில் பாய்ந்தது 1980 ஜூலை 18-இல். அதைக் காண இருவரும் இல்லை. பள்ளிவாசல் தெரு வீடு இப்பொழுது காட்சியகமாக இருக்கிறது. ஒரு காலத்தில் படகுக்காகக் காத்திருந்த யாத்திரிகர்களைப் போல, அதன் வாசலிலும் மக்கள் காத்து நிற்கிறார்கள்.