ஊருக்கு ஒரு வாத்தியம், ஒரே ஒரு ஆல்பம்!

"கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கலாம், சரி. நாமே பாட்டு உருவாக்கவும் முடியுமா?" காரைக்காலில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியும். வாசிப்பவர்கள் ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தாலும் முடியும். இதற்கு நான் காட்டும் உதாரணம் 'சக்தி' இசைக்குழு.

மேடையில் பிறந்த ஆல்பம்

கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின் 1971ல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற ராக் குழுவைத் தொடங்கினார். அதன் முதல் ஆல்பத்தில் பாடகர் கிடையாது. முழுக்க வாத்திய இசைதான். அடுத்து அவர் உருவாக்கியது சக்தி. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். 1975 ஜூலை 5ல் அமெரிக்காவின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் இவர்கள் செய்த கச்சேரிப் பதிவுதான் 1976ல் முதல் ஆல்பமாக வந்தது.

நம் மாங்கனித் திருவிழாவில் தவில்காரர் நாதஸ்வரக்காரரின் முகத்தைப் பார்த்தே வாசிப்பார் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

பைலில் பிறந்த ஆல்பம்

2023 ஜூனில் சக்தியின் 'திஸ் மொமெண்ட்' வெளியானது. 1977க்குப் பிறகு அவர்களின் முதல் ஸ்டூடியோ ஆல்பம். கொரோனா காலத்தில் ஒன்றுகூட வழியில்லை. மெக்லாலின் மொனாக்கோவில், ஜாகிர் உசேன் கலிபோர்னியாவில், பாடகர் சங்கர் மகாதேவன் மும்பையில், கஞ்சிரா செல்வகணேஷ் சென்னையில். வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன். அவரவர் இடத்தில் பதிவு செய்து, பைல்களாகப் பரிமாறிக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் அந்த ஆல்பத்திற்கு கிராமி விருது கிடைத்தது. செல்வகணேஷ், விக்கு விநாயக்ராமின் மகன். அப்பாவின் கடம் மேடையிலிருந்து நேராக டேப்பில் பதிவானது. மகனின் கஞ்சிரா பைலாகப் போய்ச் சேர்ந்தது!

வீடியோ காலில் வாசித்தால் என்ன?

பைபர் கேபிளில் சிக்னல் 1 மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து கலிபோர்னியா ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். ஆக, ஒரு அடி அங்கே கேட்க குறைந்தது 70 மில்லி செகண்ட் ஆகும். 30ஐத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கும். அதனால்தான் ஒருவர் பதிவு செய்து அனுப்ப, அடுத்தவர் அதைக் கேட்டு வாசிக்கும் முறை. இதில் ஒரு குறை உண்டு. பதிவு செய்த வாத்தியம் உங்களைப் பார்த்துத் தலையாட்டாது. எனவே ஒரே சுற்றில் முடிக்காமல், அடுத்தவர் வாசித்ததைக் கேட்டு முதல்வர் மறுபடி வாசித்து அனுப்புவது நல்லது.

நீங்களும் செய்யலாம்

1. இலவச சாப்ட்வேரான ஆடாசிட்டியை நிறுவுங்கள். ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் மூலம் தாளத்தை உருவாக்கி எல்லோருக்கும் அனுப்புங்கள்.

2. அதை ஹெட்போனில் கேட்டபடி வாசியுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் தாளமும் மைக்கில் பதிவாகிவிடும்.

3. உங்கள் முறை இரண்டாவது நிமிடத்தில் வந்தாலும், பைல் தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும். அப்போதுதான் எல்லா டிராக்குகளும் ஒன்றாகப் பொருந்தும்.

4. வேவ் பைலாக அனுப்புங்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோ பதிவு நிமிடத்திற்கு சுமார் 10 எம்.பி. பிடிக்கும். எம்பி3 சிறியதுதான், ஆனால் ஒலியின் ஒரு பகுதியை இழக்கும், தொடக்கத்தில் சிறு மௌனமும் சேர்ந்து டிராக் தள்ளிப்போகலாம்.

5. பெயர், வாத்தியம், தேதி மூன்றும் தெரியும்படி பைலுக்குப் பெயரிட்டு, ஒரு காப்பி பென் டிரைவிலும் வையுங்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா 1973ல் லண்டனில் செய்த பதிவு, டேப்புகள் கண்டெடுக்கப்பட்ட பிறகு 1999ல்தான் வெளிவந்தது.

சக்தி குழுவினர் பைலோடு நிற்கவில்லை. 2023ல் தங்கள் 50ஆம் ஆண்டுப் பயணத்தில் ஒன்றாக மேடையேறினார்கள். 2024 டிசம்பர் 15ல் ஜாகிர் உசேன் காலமானார். அந்த ஐவர் மேடை இனி இல்லை. ஆகவே துபாயிலோ பாரீஸிலோ இருக்கும் உங்கள் தம்பியோடு இன்றே பைல் பரிமாறத் தொடங்குங்கள். அவர் லீவில் ஊருக்கு வரும்போது, கம்ப்யூட்டரை ஆப் செய்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து வாசியுங்கள்!