பாலும் துணை உணவும்

சுருள்பாசி, முருங்கையிலைப் பொடி முதலானவை பாலில் கலந்து பருகத்தக்க ‘சிறப்புணவுகள்’ என்று இன்று நகரங்களில் விற்கப்படுகின்றன. ஒரு குடும்பம் இவற்றிற்குப் பணம் செலவிடுமுன், பாலில் எது உண்டு, எது இல்லை, கலந்தால் எது உடலில் சேரும் என்பவற்றை அறிந்துகொள்வது நலம். தில்லி மாநகரின் அனுபவம் இதற்கு உதவும்.

தில்லி தந்த பாடம்

தில்லி பால் திட்டம் 1959இல் தொடங்கப்பட்டது. ‘ஆபரேஷன் ஃபிளட்’ எனப்பட்ட பால் பெருக்குத் திட்டத்தின் கீழ் 1974இல் மதர் டெய்ரி நிறுவப்பட்டது. அதன் சாவடிகளில் வில்லையை இட்டுப் பாத்திரத்தில் பால் பிடித்துச் செல்வது வழக்கமாயிற்று. கொழுப்பு மிகுந்த எருமைப்பாலுடன் கொழுப்பு நீக்கிய பால் பொடியும் நீரும் சேர்த்து, கொழுப்பை 3 விழுக்காட்டிற்குக் குறைப்பதே சமன்படுத்திய பால். இதனால் விலை குறைந்தது; பலருக்கும் பால் எட்டியது. ஆனால், வைட்டமின் ‘ஏ’ கொழுப்பில் கரைவதாகையால், கொழுப்பு குறைந்தபோது அதுவும் குறைந்தது. இக்குறையை நீக்க, 1980களிலேயே சாவடிப் பாலில் வைட்டமின் ‘ஏ’ சேர்க்கப்பட்டது. வைட்டமின் ‘ஏ’, ‘டி’ ஆகியவற்றைப் பாலில் சேர்ப்பதற்கான தர வரையறைகள் 2018இல் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டன. பாலுக்கு ஏற்ற சத்தைப் பண்ணையிலேயே சேர்ப்பது சிக்கனமானது என்பதே இதன் பாடம்.

இரும்பின் நிலை வேறு

பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்துள்ளன. இரும்பும் வைட்டமின் ‘சி’யும் மிகக் குறைவு. மேலும், பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து, உடன் உண்ணும் உணவின் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. எனவே, இரும்புக்காக வாங்கிய பொடியைப் பாலிலேயே கலப்பதால் அதன் பயன் குறைகிறது. பிற உணவைக் குறைத்துப் பாலையே பெரிதும் நம்பி வளரும் குழந்தைக்கு இரும்புக் குறைபாடு நேர்வதும் இதனால்தான். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும் சோகை உற்றிருந்தனர். ஆகவே இது சிறிய செய்தியன்று.

எளிய வழி

பாலுடன் சேர்க்க உகந்தது கேழ்வரகு. நூறு கிராம் பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதே அளவு கேழ்வரகில் அதைப்போல் மும்மடங்கு. காலையில் பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி எலும்புக்கு வலுவூட்டும். இரும்பிற்கு வேறு வேளை வேண்டும். நண்பகலில் கம்பு ரொட்டி, கொண்டைக்கடலை, கீரை ஆகியவற்றை எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயுடன் உண்டால், வைட்டமின் ‘சி’ இரும்பை உடலில் சேர்ப்பிக்கும். அவ்வேளையில் பாலையும் தேநீரையும் தவிர்த்து, ஓரிரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், நாளொன்றுக்கு 300 மில்லி லிட்டர் பால் அல்லது தயிரைப் பரிந்துரைக்கின்றன. உடற்கட்டிற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறும் கூறுகின்றன. பொடிக்குச் செலவாகும் பணம் கடலைக்கும் கீரைக்கும் செலவாகுமாயின், குடும்பம் முழுவதும் பயன்பெறும். எதை உண்பது என்பதோடு, எதனை எதனுடன் உண்பது என்பதையும் அறிவதே சிக்கனமான ஊட்டத்திற்கு வழி.