சுத்தியல் தலை, கோலம் போட்ட இறக்கை: இந்த ஈ எது?

ஹவாய்த் தீவின் ஈரக் காடு. கிளையில் ஒரு குட்டி ஈ. இறக்கையில் கரும்பழுப்புத் திட்டுகள். ‘சித்திர இறக்கை’ டிரோசோஃபிலாதான். நம்ம வீட்டு வாழைப்பழத்தில் மொய்க்குமே, அதன் சொந்தக்காரன். உருவத்தில் மட்டும் பெரியது.

எந்த இனம்? இறக்கைக் கோலம்தான் முதல் அடையாளம். ஆனால் ஹெட்டிரோநியூரா, சில்வெஸ்ட்ரிஸ் இரண்டுக்கும் கோலம் ரொம்பவே ஒத்துப்போகும். அப்போ ஆண் ஈயின் தலையைப் பாருங்க. சுத்தியல் மாதிரி அகன்றிருந்தால் ஹெட்டிரோநியூரா. அந்தத் தலையால்தான் போட்டிக்கு வரும் ஆணை முட்டித் தள்ளும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? 2006-ல் அமெரிக்க அரசு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த 12 சித்திர இறக்கை இனங்களில் ஹெட்டிரோநியூரா உண்டு, சில்வெஸ்ட்ரிஸ் இல்லை. இதன் புழுக்கள் கிளெர்மான்ஷியா போன்ற உள்ளூர்ச் செடிகளின் அழுகும் பட்டையில் வளர்பவை. அந்தச் செடிகளைக் காட்டுப்பன்றிகள் குதறிப் போடுகின்றன. பன்றி புகாமல் வேலி போட்டால்தான் செடி தப்பும். எந்தக் காட்டுக்கு முதல் வேலி என்பதை ஈயின் பெயர் சொல்லும்.