மீண்டு வந்த ஜீவ் மில்கா சிங்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் மிளகுக் கடைகளில் பழகிய நம்மவர்களுக்குச் சரிவு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1999-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த மிளகு விலை பின்னர் விழுந்து, 2006-ல்தான் தலைதூக்கியது. கோல்ஃப் வீரர் ஜீவ் மில்கா சிங்கின் கதையும் அதே ஆண்டுகளில் நடந்ததுதான் விந்தை. ஓட்ட வீரர் மில்கா சிங்கின் மகன் இவர்.

ஆசியப் போட்டிகளில் பட்டங்கள் வென்றவருக்கு 1999-க்குப் பின் ஏழு ஆண்டுகள் பன்னாட்டுப் பட்டம் எதுவும் கிட்டவில்லை. மணிக்கட்டுக் காயம் வேறு. கோல்ஃபில் இது எத்தனை பெரிய இடி தெரியுமா? மாதச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான போட்டிகள் நான்கு நாள். இரண்டாம் நாள் முடிவிலேயே பின்தங்கியவர்களை அனுப்பிவிடுவார்கள். பரிசுப் பணம் பூஜ்யம். விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் கைக்காசு. தொடர்ந்து பின்தங்கினால் அடுத்த ஆண்டு ஆடும் உரிமையே போய்விடும். தகுதிப் போட்டியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கிரிக்கெட்டைப் போல அடுத்த ஆட்டக்காரர் வந்து காப்பாற்ற மாட்டார்!

2006 ஏப்ரலில் பெய்ஜிங்கில் வால்வோ சீன ஓபனை ஜீவ் வென்றார். அக்டோபரில் ஸ்பெயினில் வால்வோ மாஸ்டர்ஸ், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில். அடுத்து ஜப்பானில் இன்னும் இரண்டு. அப்போது வயது 34. உலகத் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். 2007-ல் அகஸ்டா மாஸ்டர்ஸில் ஆடிய முதல் இந்தியரும் அவரே.