பொதுக் குசினியும் கணினிக் கந்தோரும்

திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியில் ஒருவர் இடியப்பம் அவித்து விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவும் உண்டு, கைப்பழக்கமும் உண்டு. ஆனால் முதலில் குசினியைக் கட்டு, கிணற்றை வெட்டு, அதன் பிறகு அவி என்றால், முதல் தட்டு இறங்குமுன்னே கைமுதல் கரைந்துவிடும். ஊர் ஒரு பொதுக் குசினியைக் கட்டி, அடுப்பை வாடகைக்கு விட்டால் மறுநாள் விடியவே வியாபாரம் தொடங்கிவிடும். நகரங்கள் மென்பொருள் கம்பனிகளை வரவழைப்பதும் இந்த வழியில்தான். புதிய ஒப்பந்தம் கிடைத்த கம்பனிக்குக் கட்டடம் எழும்வரை பொறுத்திருக்க நேரமில்லை. அடுப்பு எரிகிற இடம் எதுவோ, அங்கே போய்விடும்.

சென்னை தரமணியில் அந்த அடுப்பை மூட்டியது அரசு. தமிழக அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டிய டைடல் பார்க் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12.8 இலட்சம் சதுர அடி. குளிரூட்டலும் மின்சாரமும் இணைய இணைப்பும் கட்டடத்தோடே கிடைத்தன. இடம் நிரம்பாமல் போயிருந்தால் நட்டம் அரசின் தலையில் விழுந்திருக்கும். அது நிரம்பியது. பிறகு அது நிற்கும் சாலை நெடுகத் தனியார் கட்டடங்கள் எழுந்தன.

சுவரையும் கண்ணாடியையும் யாரும் கட்டிவிடலாம். பாதி வெந்த இடியப்பத்தோடு அடுப்பு அணையாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. கரன்ட் நின்றதும் ஜெனரேட்டர் இயங்கச் சில விநாடிகள் எடுக்கும். அந்த இடைவெளியில் கணினிகள் அணையாதபடி பற்றரித் தொகுதி தாங்கிப் பிடிக்கிறது. ஜெனரேட்டர் சுமையை ஏற்றதும் பற்றரி ஒதுங்கிக்கொள்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு நாளிலும் ஓடுமளவு டீசல் இருப்பில் இருக்கிறதா என்பதுதான் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கும்.

இணையமும் அப்படியே. இரண்டு கம்பனிகளிடம் இணைப்பு எடுத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். இரண்டு கம்பியும் ஒரே குழியில் கிடந்தால், வீதி தோண்டும் ஒரு இயந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். ஒரே ஊற்றில் இரண்டு கிணறு வெட்டிய கதைதான். நமது திருகோணமலையில் இப்படியொன்றைக் கட்டுவதானால் ஒரு வழி ஹபரணைப் பக்கமாகவும் மற்றது மட்டக்களப்புப் பக்கமாகவும் வெளியேற வேண்டும்.

சரி, எவ்வளவு பெரிய குசினி? நாம் பார்க்க வேண்டியது தரமணியை அல்ல, தூத்துக்குடியை. திருகோணமலையைப் போல அதுவும் துறைமுக ஊர். அங்கே 2024 டிசம்பரில் திறந்த சிறிய டைடல் பூங்கா சுமார் 63,000 சதுர அடி, தரமணியின் இருபதில் ஒரு பங்கு. சின்ன இடம் விரைவில் நிரம்பும். நிரம்பிய இடத்தைத் தேடி அடுத்த கம்பனி வரும். பெரிய கம்பனியொன்று பாதியை எடுத்தால் வாடகை வருமானம் நிலைக்கும், நல்லதுதான். ஆனால் ஐந்து பேரோடு தொடங்குகிறவர்களுக்கும், மாத வாடகையில், ஒரு வரிசை அடுப்பு எப்போதும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன்.

புதுக் கட்டடந்தான் வேண்டும் என்றும் இல்லை. கொழும்பு மருதானையில் திரிப்போலிச் சந்தையின் பழைய களஞ்சியங்களைச் சீர்ப்படுத்தித்தான் டிரேஸ் தொழில்நுட்ப வளாகத்தை அமைத்தார்கள்.

சமையற்காரர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கணினி அறிவியல் கற்பிக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் வேலைக்காகக் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். திருகோணமலை நகரத்திலேயே வேலை இருந்தால் அந்தப் பயணம் தேவையில்லை. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, தோணித்துறையில் காத்துக்கிடந்த காலமும் போய்விட்டது. கிளிவெட்டிப் பிள்ளை ஒருவர் காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போய், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

கிழக்கு மாகாண நிர்வாகம் இருப்பதும் திருகோணமலையில்தான். பயன்பாடின்றி நிற்கும் ஓர் அரச கட்டடத்தில் ஐம்பது இருக்கைகளை, இரட்டை மின்வழியோடும் இரட்டை இணையவழியோடும் அமைத்து, முதல் சில வருட நட்டத்தையும் ஏற்கும்படி அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரே முதலில் கேட்க வேண்டும்.