மெழுகில் உறையும் முடிவுகள்: தாளும் தேன்மெழுகும் சேர்ந்த கலவை ஊடக ஓவியம்

அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954–55இல் உருவாக்கிய படைப்பு ‘கொடி’. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு 48 விண்மீன்கள் கொண்ட அந்நாளைய அமெரிக்கக் கொடியாகவே தோன்றும். அருகில் சென்றாலோ, சிவப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு அடியில் நாளிதழ்த் துண்டுகளின் அச்செழுத்துகள் மங்கலாகத் தெரிவதையும், தூரிகை பட்ட தடங்கள் தனித்தனிப் புடைப்புகளாக உறைந்து நிற்பதையும் காணலாம். ஜான்ஸ் இதை முதலில் எனாமல் வண்ணத்தில்தான் தொடங்கினார். அது உலரத் தாமதமானதால், ஒரு தீற்றலின் மேல் அடுத்ததை இட்டபோது முந்தையது கலைந்தது. எனவே அவர் உருகிய மெழுகுக்கு மாறினார்.

தேன்மெழுகோடு நிறமியைச் சேர்த்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் தீட்டி, பின்னர் வெப்பம் காட்டி அடுக்குகளைப் பிணைக்கும் இந்த முறைக்கு என்காஸ்டிக் என்று பெயர். இது மிகப் பழைய முறை. ரோமானியர் ஆட்சிக்கால எகிப்தில், மம்மிகளின் முகப்பகுதியில் வைக்கப்பட்ட ஃபயூம் உருவப்படங்களில் பல இவ்வாறு தீட்டப்பட்டவையே. தாள், துணி முதலியவற்றை ஒட்டிப் படம் அமைக்கும் கொலாஜ் முறையை இதனோடு இணைக்கும்போது, மெழுகு வண்ணமாகவும் பசையாகவும் ஒரே நேரத்தில் செயல்படுகிறது.

தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். தனி மெழுகு மென்மையானது என்பதால், டம்மர் என்னும் மரப்பிசினைச் சிறிதளவு, பெரும்பாலும் எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு என்ற அளவில், சேர்த்து இறுக்கம் ஊட்டுகின்றனர். தமிழகத்தில் குங்கிலியம் என வழங்குவது இந்தப் பிசின் இனத்தைச் சேர்ந்ததே. சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிக்கான மெழுகு உருவைச் செய்யத் தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். அடித்தளம் மரப்பலகைபோல வளையாததாகவும் மெழுகை உறிஞ்சுவதாகவும் இருக்க வேண்டும். அக்ரிலிக் பூச்சுள்ள பரப்பை மெழுகு சரியாகப் பற்றுவதில்லை.

முதல் மெழுகுப் பூச்சு பலகையில் பரவியதும், ஹீட் கன் எனப்படும் வெப்பக்காற்றுக் கருவியை அதன்மேல் மெல்ல நகர்த்த, மங்கிய பரப்பு ஈரம் பட்டதுபோல் மினுங்குகிறது. அந்த மினுக்கமே மெழுகு அடித்தளத்தோடு பிணைந்ததற்கான அடையாளம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து உருகிய மெழுகைத் தடவினால், எண்ணெய்ப் பலகாரம் சுற்றிய காகிதத்தைப் போலத் தாள் ஊடுருவித் தெரியத் தொடங்குகிறது. வெள்ளைப் பகுதி ஏறக்குறைய மறைய, அச்சிட்ட எழுத்தும் கோடும் மட்டும் எஞ்சுகின்றன. பளபளப்பான இதழ்த் தாள் மெழுகை எளிதில் உறிஞ்சாது என்பதால், ஜப்பானிய வாஷி போன்ற நார்த்தாள்களும் பழைய கடிதங்களும் இதற்குப் பெரிதும் ஏற்றவை.

இப்படி மெழுகையும் தாளையும் அடுக்கும்போது எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் உள்ளுணர்வைச் சார்ந்தவை. ஆனால் உள்ளுணர்வின் வழி ஓவியம் அமைப்பது என்பதைத் திட்டமின்மை என்று பலர் கொள்வது பிழை. ஜான்ஸின் கொடியில் வடிவம் முன்கூட்டியே முடிவானது. என்ன வரைவது என்ற கேள்வி ஓய்ந்ததால்தான், எந்தத் துண்டை எங்கே பதிப்பது, எவ்விடத்தில் மெழுகைத் தடிப்பாக விடுவது என்பவற்றைக் கை உடனுக்குடன் தீர்மானிக்க முடிந்தது. தூரிகையிலிருந்து இறங்கிய சில நொடிகளில் மெழுகு உறைவதால் தயங்க நேரமில்லை. ஆனால் உறைந்ததை மீண்டும் இளக்கவும், சுரண்டி அடியில் புதைந்த தாளை வெளிக்கொணரவும், கூர்ங்கருவியால் கீறி அக்கீறலில் எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்து நிரப்பவும் முடியும். விரைவாக முடிவெடுக்கத் தூண்டி, எடுத்த முடிவை மாற்றவும் இடம் தருவதாலேயே, வேறு எந்த ஊடகத்தையும்விட இது உள்ளுணர்வுக்கு இசைவானது.

இத்துணை இணக்கமான பொருளிடமும் கவனம் தேவை. மெழுகு 93 பாகைக்கு மேல் சூடாகாதவாறு வெப்பமானியால் கண்காணிக்க வேண்டும். அளவு மீறிச் சூடேறிய மெழுகிலிருந்து எழும் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் என்பதால், காற்றோட்டமுள்ள அறையில் மட்டுமே பணியாற்ற வேண்டும். பணி முடிந்த சில மாதங்களில் மேற்பரப்பில் வெண்படலம் படர்ந்தால் அது சேதம் அன்று. மென்துணியால் மெதுவாகத் தேய்த்தால் தெளிவு திரும்பும்.