ஜூடோ பயிற்சிப் பருவத் திட்டம்

ஜூடோ பயிற்சிப் பருவத் திட்டம் என்பது போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பயிற்சி வாரங்களைப் பிரிக்கும் முறையாகும். ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைமாற்றக் காலம் என்ற பகுப்பை 1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் விளக்கினார்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ ‘புதிய விளையாட்டுகள்’ பட்டியலில் உள்ளது. ஆகவே திண்டுக்கல் போன்ற ஊர்களில் பயிற்சியாளரின் நாட்காட்டியைக் கல்வியாண்டே தீர்மானிக்கிறது. கோடை விடுமுறை ஆயத்தக் காலத்துக்கு ஏற்றது. வெயில் காரணமாகக் காலை, மாலை மட்டும். புதியவர்களுக்கு முதலில் உகெமி, அதாவது அடிபடாமல் விழும் முறை. அது படியாமல் எறிதல் கூடாது. பின்னர் உச்சிகோமி என்னும் நுழைவுப் பயிற்சி, அடுத்து ரண்டோரி என்னும் தடையற்ற மோதல். போட்டி நெருங்கும்போது பயிற்சி நேரத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எடைப்பிரிவைப் பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். வளரும் பிள்ளை சில மாதங்களில் அடுத்த பிரிவுக்குப் போவது இயல்பு. பதக்க ஆசையில் கடைசி வாரம் பட்டினி போட்டு, தண்ணீரை நிறுத்தி, வியர்க்க ஓடவிடுவது பயிற்சியே அல்ல. 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இவ்வாறு எடை குறைக்கும்போது இறந்தனர்.

போட்டிகள் முடிந்ததும் பொதுத்தேர்வு வரை இடைமாற்றக் காலம்: லேசான பயிற்சி, காயங்களுக்கு ஓய்வு, படிப்பு.